வெளிப்பக்கத் தடம்

அக்கா ஓட்டும் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் சின்னவள் தினமும் வேலைக்குப் போவாள். பெரியவள் பேருந்து ஓட்டுகிறாள், சின்னவள் பாலங்களைப் பரிசோதிக்கிறாள். "நான் போற பாலம் விழுந்தா உன் கழுத்தைத்தான் வந்து பிடிப்பேன்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் பெரியவள் வம்புக்கு இழுப்பாள். அன்று காலை வரைக்கும் அது வெறும் வம்புதான்.

நாலு பக்கத்துச் சாலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும் பழைய மேம்பாலச் சந்திப்பு ஒன்று அவர்கள் போகும் வழியில் இருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். முதலில் கிழக்குச் சரிவை இடிப்பது, அதில் போன பேருந்துகளையெல்லாம் மேற்குச் சரிவின் வெளிப்பக்கத் தடத்தில் திருப்பி விடுவது என்று திட்டம். மேற்குச் சரிவு வளைந்து இறங்கும். அதன் அடியில் நிற்பவை எல்லாம் ஒற்றைத் தூண்கள். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் சின்னவள். பேருந்துகளுக்கென்று வரைபடத்தில் மஞ்சள் கோடு இழுத்தவளும் அவளேதான். அப்படித் திருப்பி விட்டுப் பார்க்கும் ஒத்திகை அன்று மாலை.

காலை நெரிசலில் மேற்குச் சரிவு வளைவின் நடுவே பேருந்து நின்றது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, எல்லாமே வெளிப்பக்கம். சின்னவளின் பாதத்துக்கடியில் தரை மெல்ல ஒருபக்கமாகச் சரிந்தது.

"அக்கா, சாயுதுல்ல?"

"பாலம்னா ஆடத்தான்டி செய்யும். இன்ஜினியரம்மாவுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

இது ஆட்டமில்லை. ஆடினால் உடனே திரும்பும். இது சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. முன்னால் நின்ற பேருந்துகள் நகர்ந்த பிறகுதான் அடியில் எங்கோ 'டொக்' என்று கேட்டு, தரை நிமிர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினாள். சரிவுக்கு அடியில் வண்டிகள் நிறுத்தும் இடம், புறா எச்சம், எண்ணெய் நாற்றம். தூணின் தலையில் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ரப்பர் மெத்தைகள். அவற்றின் மேல்தான் பாலத்தின் தளம் உட்கார்ந்திருக்கிறது. மேலே பேருந்துகள் வரிசையாக நின்றபோது, உள்பக்க மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. வரிசை நகர்ந்ததும் 'டொக்' என்று மூடிக்கொண்டது. அடுத்த வரிசை வந்தது. மறுபடியும் வாயைத் திறந்தது.

இதை அவள் ஏன் முன்பே பார்க்கவில்லை? அலுவலகத்தில் பரிசோதனை என்றாலே விடுமுறை நாள் காலைதான். ஆளைத் தூக்கும் வண்டியைச் சாலையில் நிறுத்த வேண்டும், போக்குவரத்தை மறிக்க வேண்டும், விடுமுறை என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். பாலம் காலியாகக் கிடக்கும்போதே பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவளும் எழுதினாள். தூங்குகிறவனின் நாடியைப் பிடித்துவிட்டு இவன் மூட்டை தூக்குவான் என்று சான்று கொடுத்த கதை.

அதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். அவர் ஒரு தரம் பார்த்தார்.

"நடுங்குறது உங்க கையா, பாலமா?"

அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"ரெண்டும்தான் சார். ஒத்திகையை நிறுத்துங்க. வெளிப்பக்கம் இன்னும் பாரம் ஏறினா தளம் கவுந்துரும்."

"நல்ல நிலையில இருக்குன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்போ பொய் சொன்னீங்களா, இப்போ பொய் சொல்றீங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பாரும்மா. உங்க வீட்டுல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சது நீங்கதான். அடுத்த மாசம் உங்க வேலையை நிரந்தரம் பண்ணப் போறோம். கொஞ்சம் அடக்கி வாசிங்க."

அப்பனும் தாத்தனும் படித்த வீட்டுப் பிள்ளையிடம் இவர் இப்படிப் பேசுவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபம் வாசல் வரைதான் கூட வந்தது. அதற்குப் பிறகு பயம் மட்டும்தான். அக்காவை அழைத்தாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது பெரியவள் கைப்பேசியைத் தொடமாட்டாள்.

மாலையில் அவள் மேற்குச் சரிவின் வாய்க்கு வந்து சேர்ந்தபோது ஒத்திகை தொடங்கிவிட்டது. பேருந்துகள் வெளிப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்று ஏறின. எதிர்முனையில் நெரிசல், வரிசை அப்படியே நின்றது. வளைவில் கடைசியாக நிற்பது அக்காவின் வண்டி. பின்கண்ணாடியில் தலைகள் நெருக்கியடித்துத் தெரிந்தன. அடுத்த பேருந்து ஏறுவதற்காக உறுமிக்கொண்டிருந்தது.

சின்னவள் ஓரத்தில் கிடந்த தடுப்புக் கூம்புகளை இழுத்துக் குறுக்கே போட்டாள். போட்டுவிட்டு நடுவில் நின்றாள்.

"ஏம்மா, சாகுறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்று கத்தினார் அந்த ஓட்டுநர்.

போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். "யாரு மூடச் சொன்னது?"

"நான். இந்தப் பாலம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவளே நான்தான். அந்தக் கையெழுத்தை நம்பித்தானே திறந்தீங்க? இப்போ நான்தான் சொல்றேன், நல்லா இல்லை. முதல்ல அந்தப் பக்கம் சிக்னலைத் திறந்துவிடச் சொல்லுங்க!"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டு போனார்.

மேலே வரிசை நகரவில்லை. சின்னவள் தளத்தின் விளிம்பையே பார்த்தாள். பார்க்காமலிருந்தால் விழுந்துவிடுமோ என்று கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஒரு வண்டி நகர்ந்தது. இன்னொன்று. கடைசியில் அக்காவின் வண்டி வளைவைத் தாண்டி இறங்கி மறைந்தது. 'டொக்.' இந்த முறை அவள் நின்ற இடம் வரை கேட்டது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

பாலம் விழவில்லை. நாளைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள்.

முதலில் கேட்டது தலைமைப் பொறியாளர், கைப்பேசியில். "என்னம்மா விழுந்துச்சு?"

"எதுவும் விழல சார்."

"என்ன பண்ணியிருக்கீங்கன்னு புரியுதா உங்களுக்கு?"

"புரியுது. நாளைக்குக் காலை நெரிசல்ல அதே மாதிரி பஸ்ஸை நிறுத்திப் பார்ப்போம். நீங்க அந்தத் தூணுக்குக் கீழ வந்து நில்லுங்க. நானும் உங்க பக்கத்துல நிக்கிறேன். நின்னுட்டு, அப்புறம் என்னை வேலையை விட்டுத் துரத்துங்க."

அவர் அழைப்பைத் துண்டித்தார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தூணுக்குக் கீழே நிற்க அவருக்கும் பயம் என்று புரிந்த பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அக்கா நடந்தே வந்தாள், முகமெல்லாம் வியர்வை.

"என் வண்டியில நின்ன அத்தனை பேரும் உன்னைத் திட்டித் தீர்க்கிறாங்கடி!"

"திட்டட்டும்க்கா" என்றாள் சின்னவள், கூம்பிலிருந்து கையை எடுக்காமல். "திட்டுறதுக்கு இருக்காங்கல்ல."