சகலைக்கு வைத்த லிமிட்

‘லிமிட்’ என்ற கட்டத்தில் 12 என்று தட்டி, ‘ஓகே’யை அமுக்கியபோது மணி ஒன்பது நாற்பத்திரண்டு.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி. ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த குளிர்ச்சி.

பதினோரு மணிக்கு டைரக்டர் மேடம் வருகிறார். சின்னவன் நான்கு மாதமாகக் கட்டிய புதிய சிஸ்டத்தை அவர் முன்னால் ஓட்டிக் காட்டப் போகிறான். நன்றாக ஓடினால் மெஷின் ரூம் தலைமைப் பதவி அவனுக்கு. திணறினால், பதினோரு வருடமாகத் தேய்ந்துகொண்டிருக்கும் பெரியவருக்கு.

திணறும். இப்போதுதான் அதற்கு ஏற்பாடு செய்து முடித்தார்.

பெரியவர், சின்னவன் என்பதெல்லாம் ஆபீசில் வந்த பெயர் இல்லை. மாமியார் வீட்டில் வந்தது. அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னவனை இந்தப் பார்சல் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பெரியவர்தான். “நம்ம சகலைதான் சார். தங்கமான பையன்” என்று தன் வாயாலேயே சொன்னார். இப்போது நினைத்தால் அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. சின்னவன் தட்டுக்கு இரண்டாவது முட்டை போனது. பெரியவர் தட்டுக்கு உபசாரம் மட்டும் வந்தது.

“நீங்க எண்ணெய் கம்மியா சாப்பிடணும் மாப்பிள்ளே, வயசாகுதில்ல?” என்றார் மாமியார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, “சின்ன மாப்பிள்ளை ஏதோ புதுசா பண்றாராமே! அவருக்கு மூளை, அடடா!”

நாற்பத்து மூன்று வயது. நாற்பத்து மூன்று! ஒரு முட்டை தாங்காதா?

அந்த முட்டைதான் இன்று காலை பன்னிரண்டாக மாறியிருந்தது.

மெஷின் ரூமில் இருப்பவை நான்கே நான்கு இரும்புப் பெட்டிகள். அவற்றுக்குள் அறுபது கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. அறுபதும் நிஜமில்லை, பெட்டியின் மெமரியைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்று நம்பிக்கொண்டிருப்பவை. ஒரே வேலைக்கானவற்றைச் சேர்த்து ஒரு குரூப்பாகக் கட்டி வைப்பார்கள். கூட்டுக் குடும்பம் மாதிரி. அந்தக் குடும்பத்துக்கு மூன்று எண்கள் முக்கியம். ரிசர்வேஷன் என்றால், எந்தப் பஞ்சத்திலும் இவ்வளவு கட்டாயம் உண்டு. ஷேர் என்றால், பஞ்சம் வந்தால் யாருக்கு முதல் பந்தி. லிமிட் என்றால், பெட்டியில் மெமரி கொட்டிக் கிடந்தாலும் உனக்கு இதற்குமேல் ஒரு கவளம் கிடையாது.

மூன்றிலும் விஷமம் பிடித்தது லிமிட்தான். உள்ளே இருக்கும் மெஷினுக்கே தெரியாது. தட்டு அதே பெரிய தட்டாக இருக்கும். சாப்பாடு பாதியில் நின்றுவிடும். தட்டைப் பார்க்கிறவன் காரணம் புரியாமல் தலையைச் சொறிவான்.

சின்னவனின் குரூப்புக்கு நாற்பது ஜிபி தேவை. பெரியவர் முதலில் எட்டு என்று தட்டினார். ரிசர்வேஷன் பத்து இருக்கிறது, அதற்குக் கீழே விடமாட்டேன் என்று திரை அடம்பிடித்தது. சரி, போ, பன்னிரண்டு. குரூப்பைத் திறந்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. சின்னவன் தன் மெஷின்களுக்கு வைத்திருக்கும் ஸ்டைலான பெயர்களைப் படித்தாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. சின்னவன். இரண்டு கையிலும் டீ.

“அண்ணா, உங்களுக்குச் சர்க்கரை கம்மி.”

இவனும் ஆரம்பித்துவிட்டானா!

“பயமா இருக்கா சகலை?” என்றார் பெரியவர், குரலில் தேன் தடவி.

“லேசா. நீங்க பக்கத்துல இருந்தா போதும்ணா. அப்புறம், நேத்து சாயந்தரம் ஒரு சின்ன வேலை பண்ணேன், அதை உங்ககிட்ட சொல்லணும்னு...”

“டெமோ முடியட்டும்ப்பா. உன் சாதனையெல்லாம் சாவகாசமா கேக்கறேன்.”

சின்னவன் முகம் சுருங்கியது. தலையாட்டிவிட்டுப் போனான். பெரியவர் டீயை ரசித்துக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

பதினோரு மணி. மேடம் வந்தார், பெரிய திரைக்கு எதிரே உட்கார்ந்தார். பெரியவர் கடைசி நாற்காலியில், சினிமா பார்க்க வந்தவர் போல.

சின்னவன் ஒரு பார்சல் எண்ணைத் தட்டினான்.

ஒன்று. இரண்டு. வந்துவிட்டது! பார்சல் எங்கே இருக்கிறது, யார் லாரியில், எத்தனை மணிக்குச் சேரும், எல்லாம்.

அடுத்த எண். அதுவும் வந்தது. கொஞ்சம் இழுத்தது, ஆனால் வந்தது.

“பரவாயில்லையே” என்றார் மேடம்.

பெரியவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எப்படி? பன்னிரண்டில் இவன் எப்படிக் குடும்பம் நடத்துகிறான்?

அப்போது அவருடைய செல்போன் அதிர்ந்தது. கீழே குடோனிலிருந்து சூப்பர்வைசர்.

“சார், பதினோரு மணி லாரிங்க வந்ததும் உங்க ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு. எந்த லாரி எந்த வாசலுக்குன்னே தெரியலை. இருபத்திரெண்டு லாரி நிக்குது. ஹாரன் கேக்குதா?”

கேட்டது. ஜன்னல் வழியாகவே கேட்டது.

“காலையிலதான் பறக்குதுன்னு சொன்னே!”

“பறந்துச்சு சார். நேத்து சாயந்தரத்துலேருந்து பறந்துச்சு. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன், ‘அனுபவம்யா’ன்னு சொன்னீங்க. அந்த அனுபவத்தைக் கொஞ்சம் இப்ப இறக்குங்க சார்.”

வாசல் ஒதுக்கும் அந்த சிஸ்டம் பெரியவர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கட்டியது. அவருடைய ஒரே பெருமை. ஒரு மாதமாகவே மெமரி பற்றாமல் நொண்டிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று பேசாமல் இருந்தார். காலையில் வேகமாக ஓடியதும், தான் முந்தின நாள் செய்த சில்லறைத் திருத்தம்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து அறைக்கு ஓடினார். தன் குரூப்பைத் திறந்தார்.

காலி.

வாசல் மெஷினைக் காணோம். பூட்டிய வீட்டில் ஆள் காணாமல் போனது மாதிரி. பெயரைப் போட்டுத் தேடினார். இரண்டு நொடி சுற்றிவிட்டுத் திரை பதில் சொன்னது.

சின்னவனின் குரூப்பில் இருந்தது. ஆறாவது உறுப்பினராக.

குறிப்புக் கட்டத்தில் நான்கு வரி: ‘அண்ணாவோட மெஷின். அங்கே மெமரி பத்தலை, அதனால தற்காலிகமா இங்கே. நெட்வொர்க் மாத்தலை, அட்ரஸ் பழையதே, குடோன் ஸ்கிரீன் எதையும் தொட வேண்டியதில்லை. இதுக்குத் தாராளமா விடணும்.’

பெரியவருக்குக் கணக்கு ஒரே மூச்சில் புரிந்தது. சின்னவன் தன்னுடைய ஐந்து மெஷினுக்கும் தலா இரண்டு ஜிபி ரிசர்வ் செய்திருக்கிறான். ஆக, பத்து. அதை யாரும் பிடுங்க முடியாது. நொண்டியாவது அடித்து ஓடிவிடும். பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. பதினாறு ஜிபி கேட்கும் பெரியவரின் மெஷினுக்கு அந்த இரண்டுதான்.

தன் கழுத்தில்தான் விரலை வைத்திருக்கிறார்.

ஆனால் அவர் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை. ‘இவன் யார் என் மெஷினுக்குப் பிச்சை போட?’ என்பதுதான். ஹாரன் சத்தம் அந்த யோசனையை உலுக்கியது. 12-ஐ அழித்தார். ‘அன்லிமிடெட்’. ஓகே.

மணி பதினொன்று பதினாறு. மூன்று நிமிடத்தில் குடோன் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஹாரன் அடங்கியது.

திரும்பினால், வாசலில் மேடம். பின்னால் லேப்டாப்போடு சின்னவன்.

“கீழே என்ன கலாட்டா?”

“சரியாயிடுச்சு மேடம்.”

“சரியானது தெரியுது. எதனால ஆச்சு? யார் எதை மாத்தினாங்கன்னு அதுல பதிவாகுமில்ல? எடுங்க.”

பதிவாகும். நேரம், செய்தது என்ன, செய்தவர் யார். அழிக்க முடியாது.

சின்னவன் லேப்டாப்பைத் திறந்தான். அவன் கண் வரி வரியாக இறங்குவதைப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றது. அங்கேயே நின்றது. ஒருமுறை நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி மூடினான்.

“என்னோட தப்பு மேடம். நேத்து அண்ணாவோட மெஷினை என் குரூப்புக்கு மாத்தினேன். லிமிட்டைக் கவனிக்காம விட்டுட்டேன். அண்ணாதான் பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சு எடுத்துவிட்டாரு.”

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படீன்னா யோசிக்கவே வேண்டாம். ஹாரன் அடிக்கும்போது கை நடுங்காதவர்தான் எனக்குத் தலைமைக்கு வேணும்.” பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். “இன்னிக்கே லெட்டர் அடிக்கச் சொல்றேன்.”

பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை. பெரியவர் சின்னவன் முகத்தைத்தான் பார்த்தார். அதில் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. ஒரு சாந்தம். தியாகம் செய்தவனின் சாந்தம். உதட்டோரத்தில் மிக லேசாக ஒரு திருப்தி.

அவ்வளவுதான். பெரியவருக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டது.

மூளையிலும் இவன்தான் முதல். முட்டையிலும் இவன்தான். இப்போது பெருந்தன்மையிலும் இவனேவா? ஆயுசு முழுக்க அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் இவன் போட்ட பிச்சை என்று குத்துமே! இவனிடம் நன்றியோடு இருப்பதைவிட...

“லிமிட் வச்சது நான்தான் மேடம்” என்றார் பெரியவர்.

“என்னது?”

“இன்னிக்குக் காலையில ஒன்பது நாப்பத்திரெண்டுக்கு. தெரிஞ்சே வச்சேன். இவரோட டெமோ படுக்கணும்னு வச்சேன். என் மெஷின் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. பதிவுல என் பேர்தான் இருக்கு. பாருங்க.”

மேடம் லேப்டாப்பை வாங்கித் திறந்து பார்த்தார். மூடினார். பெரியவரின் அட்மின் பாஸ்வேர்டு ஆறு மாதத்துக்கு முடக்கம். தலைமைப் பதவி சின்னவனுக்கு. “நீங்களா சொன்னதால உங்க வேலை மிச்சம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் சின்னவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“நான்தான் அழகா சமாளிச்சேன்ல? ஏண்ணா கெடுத்தீங்க?”

“உனக்குத்தான் பதவி கிடைச்சுதே. அப்புறம் என்ன?”

“பதவி யாருக்கு வேணும்! இப்ப அத்தை வீட்டுல போய் விட்டுக்கொடுத்தேன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்கதானே அங்கே...” அவன் முடிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

மாலையில் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

“லூசாங்க நீங்க? கையில வந்ததை ஏன் விட்டீங்க?”

“பொறாமை.”

“சரி, முதல்ல அந்த எழவை எதுக்கு வச்சீங்க?”

“அதுவும் அதான்.”

அவள் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாமியார் வீடு. பெரியவர் போகவே மாட்டேன் என்றார். மனைவி இழுத்துக்கொண்டு போனாள். குனிந்த தலையோடு சாப்பிட உட்கார்ந்தார். எதிரே சின்னவன், புது மெஷின் ரூம் தலைவன்.

மாமியார் பாத்திரத்தோடு வந்தார்.

“பண்ணினது தப்புதான் மாப்பிள்ளே, இல்லேங்கலை. ஆனா தலைக்கு மேல கத்தி தொங்கும்போது நான்தான் பண்ணேன்னு எழுந்து நிக்க எத்தனை பேருக்கு வரும்? நெஞ்சுரம்னா அது!” என்றபடி, பெரியவர் தட்டில் ஒரு முட்டை வைத்தார். யோசித்து, இன்னொன்றும் வைத்தார்.

“அத்தை, எனக்கு...” என்றான் சின்னவன்.

“தீந்துபோச்சுப்பா.”

பெரியவர் நிமிர்ந்தார். சின்னவன் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சற்றே இடுங்கி, தாடை இறுகி, உதட்டில் ஒரு தேன் தடவிய புன்னகை.

மூன்று வருடமாகத் தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த அதே முகம்.

பெரியவர் முதல் முட்டையை நிதானமாக இரண்டாகப் பிட்டார்.