முதல் வரிசையின் வால்வு

"ஊழியர் குடியிருப்போட வால்வைப் பாதிக்கு மேல மூடணும். உத்தரவு போடுங்க."

லுவான் பிங் இதைச் சொன்னதும் கூட்ட அறையில் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம் நின்றது. இந்தக் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பம்ப் அறை பாவ் அண்ணன் சொல்லி வைத்திருந்தார். இப்போது அவர் தன் தேநீர்க் குடுவைக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டார்.

வீடுகளைச் சூடாக்கும் சுடுதண்ணீரை ஊருக்கு அனுப்புவதுதான் கம்பெனியின் வேலை. நகரம் முழுக்க அது ஒரே குழாயில்தான் ஓடுகிறது. கம்பெனி வாசலை ஒட்டி ஊழியர் குடியிருப்பு, அதுதான் முதல் வரிசை. சுடுதண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். வால்வு முழுக்கத் திறந்து கிடப்பதால் வேண்டியதும் வேண்டாததும் அங்கேயே சுற்றித் தீர்ந்து, மிச்சம் மீதிதான் ஆற்றங்கரைக் கடைசி வரிசைக்குப் போகிறது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. குடியிருப்பில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பனியனோடு சீட்டாடுகிறார்கள். கடைசி வரிசையில் கோட்டோடு படுக்கிறார்கள்.

மேனேஜர் துவான் சிரித்தார். "ஏம்மா லுவான், இதுக்குத்தான் காலேஜ் போனியா? கடைசி வரிசை குளிருதுன்னா பழைய நிலக்கரி பாய்லரைப் பத்த வைப்போம். முடிஞ்சுது."

"பத்த வச்சா காகித ஆலைத் திட்டம் செத்துடும் சார். அந்த ஆலை ஆத்துல கொட்டிட்டிருந்த சூட்டை இந்த வருஷம்தான் குழாய்க்குக் கொண்டுவந்தோம். அது ஊருக்கே போதும். போதலைன்னு சொல்றது பொய். முதல் வரிசையில கொட்டித் தீர்க்கிறோம், அவ்வளவுதான்."

"சனிக்கிழமைக்குள்ள கடைசி வரிசை பதினெட்டு டிகிரி காட்டணும். இல்லேன்னா பாய்லர். மேலிடம் சொன்னது, நான் சொல்லல."

"அதுக்குத்தான் வால்வைக் கேக்கறேன்."

"என் மாமியார் அங்க மூணாவது மாடியில இருக்காங்க. நீயே போய்க் கேளு. குடியிருப்புல ஒரே ஒருத்தர் சரின்னு சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

அறை சிரித்தது. பாவ் அண்ணனும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் சிரித்ததுதான் உறைத்தது.

மத்தியானம் கடைசி வரிசைக்கு வெப்பமானியோடு போனாள். கம்பெனி ஆட்கள் அளக்கப் போனால் சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டரை ஒட்டி நின்று அளப்பார்கள். பதினெட்டு வந்துவிடும், குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அவள் அறையின் நடுவில் நின்றாள். பதின்மூன்று. கையுறையோடு காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண், "இன்னொரு தடவை அங்க நின்னு அளக்கணுமா?" என்று ரேடியேட்டரைக் காட்டினாள். கிண்டல் இல்லை. வழக்கம் அதுதான் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள்.

லுவான் பிங் இருந்ததும் அந்தச் சூடான குடியிருப்பில்தான், இரண்டாவது மாடி ஒற்றை அறை. சோளக்காட்டுக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா போன் செய்தால், "ரூம் கதகதப்பா இருக்கா?" என்பார். "இருக்குப்பா." அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வீட்டுப் பேச்சில் அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை. உடன் படித்தவர்கள் தெற்கே போய்விட்டார்கள். இந்த ஊரில் அவளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஒரே வீடு எதிர்வீட்டு யின் அத்தையுடையது.

சாயங்காலம் அங்கே போனாள். புளித்த கோஸ் அடைத்த ஜியாவ்ஸிக் கொழுக்கட்டையில் ஆவி பறந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அத்தை கையில்லாத பூப்போட்ட சட்டையில், விசிறிக்கொண்டே பரிமாறினாள்.

"மேனேஜரை எதிர்த்துப் பேசினியாமே? வாய் இருக்கு உனக்கு, மாப்பிள்ளைதான் இல்ல."

"அத்தை, வால்வைக் குறைச்சா உங்க வீடு இருபத்தொண்ணுல நிக்கும். ஜன்னலைச் சாத்தினா போதும்."

விசிறி நின்றது. "இன்னிக்கு இருபத்தொண்ணும்பாங்க, அடுத்த வருஷம் பதினெட்டும்பாங்க. எங்க வீட்டுக்காரர் அந்தப் பாய்லர்ல கரி அள்ளி அள்ளிப் போட்டவர்டி. நெஞ்செல்லாம் கரி. செத்தப்ப கம்பெனி ஒரு மலர்வளையம் குடுத்துச்சு. இந்தச் சூடு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். நான் ஜன்னலைத் திறப்பேன், சாத்துவேன், உனக்கென்ன?"

அத்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"கடைசி வரிசையில பதிமூணு, அத்தை. பாய்லர் பத்தினா அந்தப் புகையும் அவங்க தலையிலதான்."

"உன் சொந்தக்காரங்களா?"

"பேருகூடத் தெரியாது."

"பேர் தெரியாதவங்களுக்காக என் வீட்டைக் குளிர வைக்கப் போற. சாப்பிடு. சாப்பிட்டுட்டு இந்தப் பேச்சை விடு. இதுக்கு மேல போனேன்னா இந்த வீட்டுல உனக்குத் தட்டு கிடையாது. சொல்லிட்டேன்."

லுவான் பிங் சாப்பிட்டாள். அவசரப்படாமல், ஒன்று விடாமல் சாப்பிட்டாள். உத்தரவில்லாமல் வால்வைத் தொட்டால் நாளைக்கு வேலை இருக்காது. ஊழியர் இல்லையென்றால் அறையும் இருக்காது. அப்பாவிடம் எதைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று விட்டுவிட்டாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு அத்தை."

"அப்போ விட்டுட்டே?"

"இல்ல. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து நீங்களாத் தெரிஞ்சுக்க வேண்டாம். நானே சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"அப்போ என்னைக் கேக்க வரல."

"வரல."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "கதவை இழுத்துச் சாத்திட்டுப் போ" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

லுவான் பிங் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். எதிரே இருந்த தன் கதவைத் திறக்கவில்லை. படியிறங்கி, வால்வுக் குழி இருக்கிற பக்கமாக நடந்தாள்.