மங்கல வாத்தியம்

சித்தப்பா கணேசலிங்கம் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டபோது நிரூபா சீவாளி சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாணல் இதழ்களைச் சேர்த்துக் கட்டிய, சின்னிவிரல் நீளம்கூட இல்லாத பொருள். நுனியில் ஒரு தூசியளவு சுரண்டினால் நாதம் திறக்கும். கூட ஒரு தூசி போனால் செத்துவிடும். செயற்கைப் பற்கள் செய்கிற ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவளுக்குக் கத்தி பழக்கப்பட்டதுதான். ஆனாலும் இன்று அவள் மூச்சை அடக்கித்தான் சீவினாள். நாளைக்கு ஓபோ என்கிற மேற்கத்தியக் குழலில் தனி வாசிப்பு. தென்கிழக்கு வட்டார சிம்பொனியின் குளிர்கால நிகழ்ச்சி நிரலில், பாடசாலை ஆசிரியர்களும் மிருக வைத்தியர் ஒருவரும் குழாய் திருத்துகிறவர் ஒருவரும் வாசிக்கிற அந்த ஒர்க்கெஸ்ட்ராவின் நிரலில், முதல் தடவையாக அவளுடைய பெயர் தனி வரியில் அச்சாகியிருந்தது.

"கேள்விப்பட்டது உண்மையோ?" என்றார் சித்தப்பா.

"என்ன கேள்விப்பட்டனீங்கள்?"

"நாளைக்கு நீ மேடை ஏறப்போறியாம்."

"ஓம்."

அரியரத்தினம் பெரியப்பா மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் செத்து மூன்றாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை குடும்பத்துக்குத் துடக்கு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. நிரூபா இது எதையும் மீறியவள் அல்ல. செத்தவீட்டில் மூன்று நாளும் கோப்பை கழுவியவள் அவள்தான். ஆனால் இந்த நிகழ்ச்சியின் திகதியைக் குறித்தது போன வருடம். பெரியப்பாவிடம் கேட்டுக் குறித்ததல்ல.

"சித்தப்பா, இது கொண்டாட்டம் இல்லை. கச்சேரி."

"எனக்கு விளக்கம் சொல்லாதை. சும்மா வயலின் கியலின் எண்டாலும் பரவாயில்லை. நீ ஊதுறது சீவாளி வச்ச குழல். நாயனத்தின்ர சாதி. மங்கல வாத்தியம். செத்தவீட்டுப் பிள்ளை மங்கல வாத்தியம் ஊதலாமோ? ஊர் என்ன சொல்லும்?"

நிரூபா கத்தியை வைத்தாள். சிரிப்பு முதலில் வந்தது, கோபம் அதற்குப் பின்னால் வந்து நின்றது. ஏழாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் புல்லாங்குழலையும் வயலினையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, பாடசாலை அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த கறுப்புக் குழலை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, இதே மேசையில் இருந்து அதற்குப் பெயர் வைத்தவர்கள் பெரியப்பாவும் இவரும். மகுடி. எந்தப் பிறந்தநாளிலும், எந்தச் சாமத்தியச் சடங்கிலும், "எங்க பிள்ளை, மகுடியை எடு, பாம்பு வருதோ பாப்பம்" என்று சபை சிரிக்கும். அவள் நிகழ்ச்சி ஒன்றுக்கும் இருவரும் வந்ததில்லை.

"இவ்வளவு காலமும் மகுடி எண்டனீங்கள்," என்றாள். "இண்டைக்குத்தான் மங்கல வாத்தியமாப் போச்சோ? பெரியப்பா இருக்கேக்க ஒருக்கா இதைச் சொல்லியிருந்தா நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பன்."

அடுப்படியில் நின்ற சத்தியபாமா கரண்டியைக் கீழே போட்டாள். நிரூபாவின் தாய் பேசாமல் இருப்பதற்கு எப்போதும் ஏதாவது ஒரு சத்தத்தைத் துணைக்கு வைத்திருப்பாள்.

கணேசலிங்கத்தின் முகம் சிவந்தது. "வாய் காட்டுறாய். காலாகாலத்தில ஒருத்தனைக் கட்டியிருந்தா இந்தக் கரைச்சலே இல்லை. மூண்டு நாளோட துடக்குக் கழிஞ்சிருக்கும். நீ எங்கையும் ஊதலாம், ஆடலாம். ஆர் கேக்கிறது?"

முப்பத்தெட்டு வயதில் இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இது புதிய பக்கத்திலிருந்து வந்தது. கட்டிக் கொடுக்கப்பட்டவள் வேறு வீட்டுக்காரி. அவளுக்கு இந்தச் சாவு மூன்று நாள் தூரம். கட்டாதவள் முழுத் துடக்குக்காரி. நிரூபா அதை ஒரு கணம் நாக்கில் வைத்துப் பார்த்தாள், சீவாளியை நனைப்பதுபோல.

"அப்ப நான் இன்னும் உங்கட வீட்டுப் பிள்ளைதான், என்ன சித்தப்பா?"

"பின்னை?"

"அப்ப ஊர் கேட்டால் அப்பிடியே சொல்லுங்கோ. எங்கட வீட்டுப் பிள்ளை நாளைக்கு வாசிக்கிறாள் எண்டு."

அவர் எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை, ஹோலில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த தன் தமையனை, நிரூபாவின் தகப்பனைப் பார்த்துத்தான் சொன்னார். "நித்தியண்ணை, அவள் ஏறினால் அந்தியேட்டிக்கு எங்கட வாசல் மிதிக்கக் கூடாது. கூட்டிக்கொண்டு போறவைக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

நித்தியானந்தன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெல்பேர்னில் இருபது வருடம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். பின்னால் யார் கத்தினாலும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு மணி அடித்துப் பழகியவர்.

மறுநாள் நிரூபா சிவப்புச் சேலை உடுத்தினாள். ஒர்க்கெஸ்ட்ராவில் எல்லோருக்கும் கறுப்பு. தனியாக வாசிக்கிறவருக்கு மட்டும் நிறத்துக்கு அனுமதி. கறுப்பிலேயே போனால் பாதிப் பழி குறையும் என்று காலையில் ஒரு யோசனை வந்தது. வந்ததே கோபமாக இருந்தது. அலுமாரியைத் திறந்து, காய்ந்த மிளகாய் நிறத்தில் இருந்ததை எடுத்தாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்ல," என்றாள் தாய், கொசுவத்தின் கீழ் மடிப்பைக் குந்தியிருந்து இழுத்துவிட்டபடி. "சாப்பாடு கட்டி வச்சிருக்கு. மரக்கறிதான்."

வாசலில் தகப்பன் கார்ச் சாவியோடு நின்றார். "கொண்டுபோய் விடுறன். உள்ள வரமாட்டன் பிள்ளை. எனக்கு ஏலாது. அவர் என்ர அண்ணன்."

"சித்தப்பாவுக்குப் பயமோ?"

"அவனுக்கு என்ன பயம்? அண்ணனுக்கு நான் செய்யிறது இது ஒண்டுதான்."

அவள் காரில் ஏறினாள். ரோவில் வீட்டிலிருந்து வழி நெடுகச் சீவாளியை நனைய வாய்க்குள் வைத்திருந்தாள். பேசாமல் இருக்க அது நல்ல சாட்டு. அப்பா அவளுடைய எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வந்தவர். கடைசி வரிசையில் இருந்து, பாதியில் நித்திரையாகி, கைதட்டலில் எழும்பித் தானும் தட்டுகிறவர். அந்த நித்திரைகூட இன்றைக்கு இல்லை. தன்னுடைய மீறலுக்கு ஒரு விலை இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது. அந்தியேட்டி வாசல் அல்ல, அந்தக் கடைசி வரிசைக் கதிரை.

நகர மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பெரும்பாலும் நரைத்த தலைகள், கம்பளிக் கழுத்துப்பட்டிகள், இருமல். ஒர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பதை அவள் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். வழக்கமாக அந்த முதல் ஸ்வரத்தைக் கொடுப்பது அவள். ஓபோ ஊத, அத்தனை பேரும் அதற்குத் தங்களைச் சரிசெய்துகொள்வார்கள். ஊதியவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு அதை இரண்டாவது ஓபோக்காரர் கொடுத்தார். அவள் மேடைக்கு வந்தாள். சேலையைக் கண்டு சபையில் ஒரு சின்ன அசைவு. ஒர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற மார்கரெட், தொடங்கலாமா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். நிரூபா தலையசைத்தாள்.

அவள் வாசிக்கிற இசைப்படைப்பின் முதல் பகுதி வேகமானது. முதல் சில வரிகளில் விரல்கள் கல்லாக இருந்தன. பிறகு மூச்சு தன் இடத்தைக் கண்டுபிடித்தது. மகுடி, என்று நினைத்துக்கொண்டு ஊதினாள்; மங்கல வாத்தியம், என்று நினைத்துக்கொண்டு ஊதினாள். இரண்டும் இல்லாத ஒரு குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற, பிடிவாதமான குரல், வயலின்களுக்கு மேலாக ஏறிப்போய் அங்கேயே நின்றது. இறங்கமாட்டேன் என்று நின்றது. சபையில் இருமல் ஓய்ந்தது.

வயலின்கள் தனித்து ஓடிய ஓர் இடைவெளியில் ஓபோவை இறக்கிப் பிடித்தபோதுதான் பக்கக் கதவைக் கண்டாள். கனத்த, தானாக மூடிக்கொள்ளும் கதவு. முகத்தின் உயரத்தில் ஒரு துண்டுக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் அப்பா. காருக்குள் இருப்பதாகச் சொன்னவர். காதைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சாய்ந்த தலையோடு நின்றார். அந்தக் கதவால் ஒரு சத்தமும் போகாது என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் பகுதி முடிந்தது. பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது வழக்கமில்லை. சிலர் தட்டுவதா விடுவதா என்று கையைத் தூக்கி, மற்றவர்களைப் பார்த்து, மடியில் வைத்தார்கள். மார்கரெட் பக்கத்தைப் புரட்டிக் கோலை உயர்த்தினாள். நிரூபா அவளைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள், பொறு என்று. பிறகு சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடைப் படிகளில் இறங்கினாள்.

மரத்தரையில் அவளுடைய காலடி மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெண்மணி, சுகமில்லையாக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தாள். கதவோரம் கதிரை போட்டிருந்த தொண்டர் கெவின் எழுந்தார். நிகழ்ச்சி நடக்கையில் கதவு திறக்கக் கூடாது என்பது மண்டபத்தின் சட்டம்; அதைக் காப்பதற்காகவே அவர் அங்கே இருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினாள். குளிர் காற்று உள்ளே பாய்ந்தது.

அப்பா பின்வாங்கினார். சப்பாத்துகள் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைக்கப்பட்டிருந்தன. துடக்குக் காலத்தில் கோயில் வீதியில் நிற்பதுபோல, வெறும் காலுறையோடு ஈரச் சீமெந்தில் நின்றார்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது? போ, உள்ள போ. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

"நான் வரேலாது எண்டு சொன்னனான் எல்லே."

"வரவேண்டாம். வெளியில நில்லுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்ல."

ஓபோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து, அவருடைய இடது சப்பாத்தை எடுத்தாள். டிராம் ஓட்டிய காலத்தில் வாங்கிய, தடித்த அடியுள்ள கறுப்புச் சப்பாத்து. கதவை முழுதாகத் திறந்து, அதன் அடியில் சப்பாத்தின் மூக்கைச் செருகி, காலால் ஒரு உதை உதைத்தாள். கதவு ஒருமுறை மூட முயன்று, முனகி, நின்றுவிட்டது.

திரும்பி நடந்தபோது அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கிளாரினெட் வாசிக்கிற மிருக வைத்தியர் தன் கருவியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். குளிர் பட்டால் சுருதி இறங்கும். மார்கரெட்டின் பார்வை கதவுக்குப் போய் அவளிடம் வந்தது, கேள்வியாக. இறங்கட்டும், நான் ஏற்றிக்கொள்கிறேன் என்பதுபோல் நிரூபா உதடுகளை இறுக்கிச் சீவாளியை வாயில் வைத்தாள்.

இரண்டாவது பகுதி மெதுவானது. ஓபோ தனியாகத் தொடங்குவது. அவள் மூச்சை இழுத்தாள். அங்கே கெவின் கதவடியில் குனிந்து, சப்பாத்தை இழுத்தெடுக்கக் கை வைத்தபடி மேடையை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வெளிச்சத்தில், வாசற்படிக்கு ஓர் அடி அப்பால், காலுறை போட்ட இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.