காலால் பிறந்தவர்

மனித குலத்தை இறைவன் இரண்டாகப் பிரித்துப் படைத்தான்: தலைவழியே பிறந்தவர்கள், கால்வழியே பிறந்தவர்கள். முன்னவர்கள் வலியைச் சுமப்பார்கள்; பின்னவர்கள் அதை மிதித்துத் துரத்துவார்கள். கொடும்பாளூர்ப் பக்கம் ஐம்பத்திரண்டு வயது இருளாண்டி ஞாயிறுதோறும் இதைச் சொல்லுவார். சொல்லும்போது இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்க அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. பீரோவை நகர்த்துவதுபோல் மொத்த உடம்பையும் திருப்புவார்.

காலால், அதாவது கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் மிதித்தால் முதுகுச் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. இருளாண்டி மிதிக்கக் காசு வாங்குவதில்லை. மரியாதை வாங்குவார். வருகிற ஞாயிறு அது மொத்தமாகவே கிடைக்க இருந்தது. கவுன்சிலர் கோபிநாத் ஏற்பாட்டில் பாராட்டு விழா, பொன்னாடை, ‘சுளுக்கு வேந்தர்’ பட்டம். மேடையிலேயே கோபிநாத்தின் முதுகில் ஏறி மிதித்துக் காட்டவும் வேண்டும்.

ஆனால் வேந்தரைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பது மனைவி அழகி. இரண்டு வருடமாக எழுந்ததும் ஒரு மணி நேரம் கழுத்தும் முதுகும் மரக்கட்டை.

“ஊரு முதுகெல்லாம் மிதிக்கிறீங்க, ஒங்க முதுகுக்கு நீங்களே எப்புடி ஏறுவீங்க? டாக்டர்ட்ட போங்க” என்றாள் அழகி.

அடையாளம் தெரியாமலிருக்க முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். டாக்டர் அறை வாசலில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்தவர், போன மாதம் அவரிடம் மிதி வாங்கிய இன்னாசி.

“அண்ணே! நீங்களுமா?”

இருளாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கிப் போட்டதில் கழுத்தும் வலித்தது.

“ஒனக்கு என்னடா?”

“முதுகெலும்புல விரிசலாம்ணே. நீங்க மிதிச்சீங்கன்னு சொல்லல. பைக்ல விழுந்தேன்னுட்டேன்.”

இருளாண்டி கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். மிதித்தபோது கேட்ட சடக்கை, சுளுக்கு விட்ட சத்தம் என்று அன்று ஊருக்கே அறிவித்திருந்தார்.

உள்ளே டாக்டர் சிவரஞ்சனி, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“காலையில விறைப்பு எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்ங்க.”

“நடமாடுனா கொறையுதா?”

“கொறையுதுங்க. சும்மா உக்காந்தா கூடுது.”

“இது சுளுக்கு இல்ல. மூட்டுவாதம்.”

“மூட்டுவாதம் முழங்கால்லதானங்க வரும்?”

“மூட்டு இருக்கற எடத்துலல்லாம் வரும். கழுத்துலயும் முதுகுலயும் வரிசையா மூட்டுதான். ரத்தப் பரிசோதனை பாத்துட்டு எந்த வகைன்னு சொல்றேன். மாத்திரைய சாப்பிட்டுட்டுப் போடுங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. தலையணை ஒண்ணு போதும், மெல்லிசா. ஒரே எடத்துல உக்காராதீங்க, சொல்லிக்குடுக்கற பயிற்சிய தினம் செய்ங்க. கை கால் மரத்துப்போனா, பலம் கொறைஞ்சா அன்னைக்கே வாங்க. முக்கியமா, யாரையும் மிதிக்க விடாதீங்க.”

“மிதிச்சா?”

“ஒடையும். ஒங்க ஊருப்பக்கம் யாரோ ஒரு ஆளு மிதிக்கிறாராமே? போன மாசம் மட்டும் நாலு பேரு வந்தாங்க. நாலு பேரும் பைக்ல விழுந்தாங்களாம். நாலு முதுகுலயும் குதிகால் தடம். அந்த ஆளத் தெரியுமா?”

“தெரியலீங்க” என்றார் இருளாண்டி. துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டுமே. பக்கத்துத் தெருவில் அக்கா அமுதவல்லி வீடு. சோற்றைப் பிசையாமலே உட்கார்ந்திருந்தார்.

“டாக்டருக்கு எலும்பு தெரியும்க்கா. பொறப்பு தெரியுமா? காலால பொறந்தவனுக்கு எப்புடி இது வரும்? காலால பொறந்தவன் மிதிச்சு எப்புடி ஒடையும்?”

அமுதவல்லி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டேய், காலால பொறந்தது நானுடா.”

“என்னக்கா சொல்ற?”

“வயசுக்கு வந்த பொம்பளப் புள்ள ஆம்பளைங்க முதுகுல ஏறுறதான்னு அப்பா கூச்சப்பட்டாரு. மிதி வாங்க வந்த ஆளையும் திருப்பி அனுப்ப மனசில்ல. ஒன்னயத் தூக்கி ஏத்திவிட்டாரு. நீ பொறந்தப்ப எனக்கு ஒம்பது வயசு, வாசல்ல நின்னேன். மருத்துவச்சி என்ன கத்துனான்னு எங் காதால கேட்டேன்.”

 நாற்பத்தைந்து வருட முதுகுகள் வரிசையாக இருளாண்டியின் கண்முன் வந்தன. கடைசியில் இன்னாசி, பட்டையோடு.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“கோபி, ஞாயித்துக்கெழம மிதி கெடையாது. இனிமே யாரையும் மிதிக்க மாட்டேன். முதுகு வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு.”

“ஐயோ, என்னா தியாகம்ணே! அதையும் மேடையில பேசிருவோம். ஃப்ளெக்ஸு கட்டியாச்சு, ‘காலால் பிறந்த கருணையே’ன்னு நாப்பதடி.”

இருளாண்டி போனை வைத்தார்.

மருத்துவச்சி அன்று கத்தியது, “தலை தெரியுது.”