நீலச் சேட்டு

...வகிடு கோணிவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும், நீதிமன்றத்துக்குப் போகிற பிள்ளைக்கு வகிடு நேராக இருந்தால்தான் என்ன, கோணினால்தான் என்ன, நீதிபதி தலையையா பார்க்கப்போகிறார், இருந்தாலும் பார்க்கிறவர்கள் தாய் சரியில்லை என்று நினைத்துவிடக் கூடாது, ஏற்கெனவே குருநகரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்... மேர்சி சீப்பின் முனையால் இன்னொரு தடவை வகிடு எடுத்தாள். பத்து வயது ஜெசிதா குட்டிக் கதிரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் புருஷன் கிறிஸ்ரி மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் யாரும் ஓட்டோவில் ஏறி இரண்டு வருடமாகிறது. "எங்கை, ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்றாள் மேர்சி. ஜெசிதா கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். "அண்டைக்குச் சனிக்கிழமை. ரியூசன் முடிஞ்சு லெனாட் மாமாவின்ரை ஓட்டோவிலை ஏறினனான். அவர் நீலச் சேட்டுப் போட்டிருந்தவர்..." ஒரு தடக்கல் இல்லை, கண்ணீர் இல்லை, கடைசிவரை ஒரே மூச்சு. முடித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக் கேட்டாள், "சரியாச் சொன்னனானோ அம்மா?"

சரி, மிகவும் சரி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இப்படிச் சொன்னால் மேர்சி ரீச்சர் ஒரு படம் பரிசு கொடுப்பாள், பதினைந்து வருடமாக முதல்முதல் நன்மை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலும் சொல்லிக் கொடுத்த வாயல்லவா... அரச சட்டத்தரணி தனுஷிகா முதல் சந்திப்பிலேயே படித்துப் படித்துச் சொன்னாள், "வழக்கைப் பற்றிப் பிள்ளையோடை கதைக்காதேங்கோ அம்மா. டொக்டரின்ரை அறிக்கையிலை காயம் ஒண்டும் இல்லை, அதாலை நடக்கேல்லை எண்டு அர்த்தமில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. பிள்ளை சொல்லுறது ஒண்டே வழக்குக்குக் காணும், ஆனா அது பிள்ளை சொல்லுறதா இருக்கவேணும்." மேர்சி ஓம் ஓம் என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு வந்து, பின்னேரமே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். பிள்ளை அங்கே நின்று முழிசினால்? அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி அதட்டினால்? லெனாட் எதிரே கைகட்டிப் பாவம்போல நிற்பானே, கோயில் பெருநாளுக்குப் பந்தல் போடுகிறவன், ஊருக்கெல்லாம் நல்லவன்... பொய்யா சொல்லிக் கொடுத்தாள்? நடந்தது நடந்ததுதானே? பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள், குளிக்க வார்க்கும்போது, "லெனாட் மாமாவோடை இனிப் போகமாட்டன்" என்று இந்தப் பிள்ளை நடுங்கியதை அவள் பார்த்தாளே, அதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

வலது பக்கப் பின்னல் முடிந்தது, வெள்ளை ரிபனை எடுத்தாள். ஆனால் சேட்டு... பொலிசில் பெண்கள் சிறுவர் பிரிவிலே அந்தப் பொலிஸ்காரி மெதுவாகத்தான் கேட்டாள், என்ன நிறச் சேட்டு என்று. ஜெசிதா காலால் நிலத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் பேனை காத்திருந்தது. மேர்சிக்குப் பொறுக்கவில்லை, "நீலம்" என்றாள், லெனாட் எப்போதும் அதைத்தானே போடுவான். சனிக்கிழமையும் அவள் கலண்டரில் எண்ணிச் சொன்னதுதான், பிள்ளை சொன்னது பெருநாளுக்குக் கொடியேறின பிறகு என்று மட்டும். எல்லாவற்றையும் ஜெசிதா சொன்னதாக எழுதினார்கள். இப்போது பிள்ளை நீலம் என்றால் அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி, தாய் சொல்லிக் கொடுத்தது என்பான், தெரியாது என்றால் பொலிசில் சொன்னதற்கு முரண் என்பான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி வைத்தது யார்? லெனாட்டா? இல்லையே. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அம்மா, இடையிலை மறந்துபோனா எதைச் சொல்லுறது?" என்றாள் ஜெசிதா.

"எது எது?"

"நீங்கள் சொல்லித் தந்ததையோ, நடந்ததையோ?"

ரிபன் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டும் வேறு வேறாகவா இருக்கின்றன உள்ளே? கலக்கவில்லையா? ஆண்டவரே, அது இன்னும் பத்திரமாகத்தான் கிடக்கிறதா... "நடந்ததை" என்றாள், "நடந்ததை மட்டும் சொல்லு மகள்."

"அப்ப நீலச் சேட்டை விடட்டோ?"

வெளியே கிறிஸ்ரி ஹோர்ன் அடித்தான். தனுஷிகாவிடம் சொல்ல வேண்டும், பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் சொல்ல வேண்டும், நீலம் என்றது நான்தான் என்று, சொன்னால் வழக்கு என்னாகும், சொல்லாவிட்டால் பிள்ளை என்னாவாள்... நடந்தது என்ன என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது இவளை முழுதாகச் சொல்ல விட்டேனா? கேட்டதெல்லாம் பதில் தெரிந்த கேள்விகள். மேர்சி ரிபனை முடிந்தாள், இழுத்துப் பார்த்தாள், அவிழ்த்து மறுபடி முடிந்தாள். ஜெசிதா தலையை ஆட்டாமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.