பன்றித் தலை இல்லாத பூசை

“தலை எங்கேன்னு கேக்குறேன்!”

“என்னை ஏம்மா கேக்குற? நீதானே தலைவி!”

கஜி மலை உச்சியில், மழையா பனியா என்று முடிவு செய்யாத ஏதோ ஒன்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்த சண்டை இது. கேட்டவள் மால்சுன். உல்சான் நகரில் எங்கள் பேட்டைச் சலவைக்கடைக்காரி, மலையேற்றச் சங்கத்தின் புதுத் தலைவி. கத்தியவர் தக் கிஹ்வான். பதினோரு வருடம் தலைவராக இருந்துவிட்டு இரண்டே ஓட்டில் அவளிடம் தோற்றவர்.

காணாமல் போனது வேகவைத்த பன்றித் தலை. வருடத் தொடக்கத்தில் அதைப் படைத்து மலைசாமியைக் கும்பிட்டால்தான் சங்கத்தில் யாருக்கும் கால் சுளுக்காது. பூசை தவறினால் தலைவர் விலக வேண்டும் என்பது விதி. எழுதியவர் சாட்சாத் தக்தான். “நீ பொம்பளை, கனம் தாங்க மாட்டே” என்று தலையைத் தூக்கிவரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவரும் அவரேதான்.

மால்சுன் அடிவாரத்தில் இருந்த பேருந்து ஓட்டுநர் தல்சுவுக்குப் போன் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி பிடித்தாள்.

“தலையாக்கா? சீட்டுக்கு அடியில பத்திரமா இருக்கு. தக் அண்ணன்தான் வச்சாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு... ஐயையோ!”

தக் அசரவில்லை. “வயசாயிடுச்சு, மறந்துட்டேன். அதுக்காக விதி மாறுமா? ராஜினாமாவை இங்கேயே எழுதுறியா, இறங்கி எழுதுறியா?”

மால்சுனுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் பல் தந்தியடிப்பதையும் பார்த்துவிட்டாள். மழைக்கோட்டு போட்டால் வீரம் குறையும் என்று வெறும் சட்டையோடு ஏறியிருந்தார் மனிதர்.

“என்கிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கு, போட்டுக்கங்கண்ணே.”

பஞ்சு மிட்டாய் நிறக் கோட்டு. தலைமூடியைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டியதும் உருண்டை முகம் மட்டும் பிதுங்கியது.

“இந்தப் பாறைக்குப் பின்னாடி காத்து வராது, உக்காருங்க. பசிக்குமே, வாயைத் திறங்க.”

பெரிய அரிசிக் கொழுக்கட்டையாகப் பார்த்து உள்ளே தள்ளினாள். அது பசை போல மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் பாறைமேல் பேரிக்காயையும் உலர்மீனையும் பரப்பி, கள்ளை ஊற்றினாள். பாறைக்கு மேலே, நட்டநடுவில், இளஞ்சிவப்பாகத் தக்கின் தலை.

முதலில் புரிந்துகொண்டவள் பொருளாளர் யொனொக். “சிரிக்கிற தலைதான் ராசி. கொஞ்சம் சிரிங்கண்ணே!”

“ம்ம்ம்! ம்ம்ம்!”

“பாரேன், சாமியே ஒத்துக்கிச்சு!”

பதினேழு பேரும் சேற்றில் விழுந்து மும்முறை கும்பிட்டார்கள். மால்சுன் மட்டும் நாலாவது தடவையும் விழுந்தாள், சிரிப்பை மறைக்க. பூசை நடந்ததாகக் குறிப்பேட்டில் எழுதியாயிற்று. தலை எந்த வகையைச் சேர்ந்தது என்று விதியில் இல்லை.

இப்போது மால்சுன் மூன்றாவது வருடமாகத் தலைவியாக இருக்கிறாள். யொனொக் அந்த இலையுதிர் காலத்திலேயே ஓட்டுநர் தல்சுவைக் கட்டிக்கொண்டு மிரியாங் ஊருக்குப் போய்விட்டாள். தக் வீட்டைக் காலி செய்து கோஜேத் தீவில் மகளோடு இருக்கிறார். அங்கே மீன்பிடிச் சங்கத்தில் தேர்தல் வருகிறதாம்.