அப்பா கொடுக்காத மாத்திரை

சூர்யகலாவுக்குச் செய்யார் கம்பெனியில் முதல் ஷிப்ட். விடிவதற்குள் ஆரணியில் பஸ் ஏறிவிடுவாள். மகள் சத்யப்ரியாவுக்குச் சாப்பாடு கொடுத்து, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்புவதெல்லாம் அப்பா தசரதன்தான். வீட்டிலேயே பட்டுத்தறி போட்டிருந்தான். அதனால் வேலூர் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தரும் பொறுப்பும் அவனிடமே வந்தது.

சத்யப்ரியா ஐந்தாம் வகுப்பு. கணக்குப் போடும்போது பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். விளையாட்டில் தன் முறை வருவதற்குள் ஓடி ஆட்டத்தைக் கலைப்பாள். போன மாதம் ஆட்டோ வருவதைப் பார்க்காமல் சாலையில் பாய்ந்ததில் முழங்கையில் நான்கு தையல். அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள். மூன்று தடவை வரச்சொல்லி, பள்ளி டீச்சரிடமும் விசாரித்த பிறகே அவர் மருந்து எழுதினார்.

தசரதனுக்கு அது பிடிக்கவேயில்லை.

"ஓடியாடற பொண்ணுக்கு மாத்திரை குடுத்து உக்கார வெக்கணுமா? மூலையில குந்திகினு மோட்டுவளையப் பாத்தா இன்னா பண்ணுவே?"

"யாரும் ஆட்டத்துல சேத்துக்கலன்னு அவ அழறது உங்களுக்குத் தெரியாதுங்க. எங்கிட்டதான் அழறா."

பத்து நாள் கழித்து, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டாள் சூர்யகலா.

"ஒண்ணும் தெரியல" என்றான். அது உண்மைதான். அட்டையிலிருந்து தினம் ஒரு மாத்திரையைப் பிரித்து ஒளித்துவைத்துவிட்டு, மகளுக்கு வேறொன்றைக் கொடுத்துவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா எதையோ தேடப்போய் ஜரிகை டப்பாவைக் கவிழ்த்தாள். நூல்கண்டுகளோடு பத்துப் பன்னிரண்டு மாத்திரைகள் உருண்டன. சூர்யகலா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கணவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ தெனமும் நான் தின்னது இன்னா?" என்றாள் மகள்.

"சத்து மாத்திரை."

"அதான் இனிச்சிச்சா." அவள் சிரித்தே விட்டாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அந்த ஆட்டோ தெரியவே இல்லப்பா. வேணும்னு ஓடல. இத்த போட்டா தெரியுமான்னு பாக்கலாம், குடு."

தசரதன் அவளுடைய தையல் போட்ட முழங்கையைத் தடவிக்கொடுத்தான். மறுநாள் இட்லி கொடுத்தபின் டாக்டர் எழுதிய மாத்திரையையே கொடுத்தான். அன்று தறியில் நூல் ஓட்டும் நாடா நாலு தரம் கைதவறியது.

சாயங்காலம் வந்த சத்யப்ரியா வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சோற்று டப்பா அப்படியே திரும்பியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். இப்போது சூர்யகலாவும் பயந்தாள். இருவருமே மகளை அழைத்துக்கொண்டு வேலூர் போனார்கள். தசரதன் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டபின் கொடுக்கச் சொன்னார். மாதாமாதம் எடை பார்க்கச் சொன்னார். வகுப்பில் முன்வரிசை, நடுநடுவே எழுந்து நடக்க அனுமதி என்று டீச்சருக்கும் ஒரு கடிதம் தந்தார். "மாத்திரை மட்டும் போதாதுன்னு நானும்தான் சொல்றேன்" என்றார். அதைத் தசரதன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"அங்கிள், சத்யா இருக்காளா? கோகோ ஆட ஒரு ஆள் கொறையுது."

தறியை விட்டு எழுந்து அவனும் பின்னாலேயே போனான். கோயில் மைதானத்தில் வரிசையில் குந்தியிருந்தாள் மகள். உடம்பு துடித்தது, ஆனால் எழவில்லை. முதுகில் ஒரு கை பட்டு "கோ" என்று கேட்டதும் காற்றாய்ப் பறந்தாள். ஒரே மூச்சில் இரண்டு பேர் அவுட்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சூர்யகலா, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். அவனுடைய முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதற்குள் ஒரு பெண்ணை டியூஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி ஆள் குறைந்தது.

"எம்மா, நீ வா" என்று கத்தினாள் சத்யப்ரியா.

எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள், டிபன் பையைக் கணவன் கையில் திணித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளின் ஆரவாரத்துக்கு நடுவே மைதானத்தில் இறங்கினாள். கால் நிமிஷத்தில் மகளே அவளை அவுட்டாக்கினாள்.